வலம்புரி மக்ரூன்

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். எனக்குப் பழங்கஞ்சிதான் பிடிக்கும். ஊற ஊறத்தான் ருசி. என் வீட்டுக்காரரின் அண்ணன்மேல் எனக்கிருந்த கோபத்தையும் அப்படித்தான் பானையில் ஊற்றி மூடி வைத்திருந்தேன். கெட்டுப்போக விடவில்லை. அவ்வப்போது திறந்து முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.

நான் தூத்துக்குடியில் மக்ரூன் கடை வைத்திருக்கிறவள். சின்னக் கடைதான். முன்னால் இரண்டு கண்ணாடி அலமாரி, பின்னால் ஒரு விறகு அடுப்பு. வெளியூர்க்காரர்கள் மக்ரூன் வாங்கும்போது, "இது போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததாமே?" என்று கேட்பார்கள். ஆமாம், கொண்டுவந்தார்கள், வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் இதைச் சுட்டுச் சுட்டு கை வெந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கோட்டை, கோயில் எல்லாம் சுற்ற வேண்டாம், என் கடைப் பின்கட்டுக்கு வந்து ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தால் போதும்.

முட்டை நாமக்கல் லாரியில் வரும். முந்திரிக்கொட்டை ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் நம் துறைமுகத்துக்கு வந்து, கொல்லம் பக்கம் போய்த் தோலுரிந்து, பருப்பாகத் திரும்பி வரும். வெள்ளைக்கரு மட்டும்தான் மக்ரூனுக்கு. மஞ்சள் கருவில் ஒரு பொட்டு கலந்தாலும் நுரை எழும்பாது. எண்ணெய்ப்பசை இருந்தாலும் அப்படித்தான். பிரித்தெடுத்த மஞ்சள் கரு தூக்குவாளிகளில் காயல்பட்டினத்துக்குப் போய்விடும், அங்கே ஒரு லாத்தா வீட்டுக்கு. லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. அவர் அதில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டலப்பம் செய்து கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பார். அந்தக் கருப்பட்டி சாத்தான்குளத்துப் பக்கத்துப் பனங்காட்டில் இருந்து வரும். வெள்ளையை ஒரு சனமும் மஞ்சளை ஒரு சனமும் பிரித்துக்கொண்டு, கடலோரத்தில் சிலுவை போட்டவர்களும் காயலில் தொப்பி போட்டவர்களும் பனங்காட்டில் திருநீறு பூசியவர்களும் ஒரே முட்டையில்தான் பிழைக்கிறோம். ஆனால் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பெண் எடுத்தால் மட்டும் ஊர் இரண்டாகும்.

நான் கடற்கரைப் பிள்ளை. அப்பாவுக்கு வள்ளத்தில் பங்கு. படித்துவிட்டு துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலைக்கு இருந்தேன். முந்திரி வியாபாரியோடு ஏதோ பேப்பர் விஷயமாக வந்தவர்தான் என் வீட்டுக்காரர். பனங்காட்டுச் சீமையில் இருந்து வந்து இங்கே பேக்கரி போட்ட குடும்பம். மூத்தவர் கல்லாவில் உட்காருவார், இவர் அடுப்படியில் நிற்பார். நான் இவரைக் கட்டுகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் "மாதாவை விட்டுட்டுப் போறியா?" என்று அழுதார்கள். அவர்கள் வீட்டில் யாரும் அழவில்லை. மூத்தவர் மட்டும், "மீன் வாடை முட்டைக்கு ஆவாது பாத்துக்கோ" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அது பின்னால் வரும்.

வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, பேப்பர்க் கூம்பில் நிரப்பி, தட்டில் பிழிந்து சுற்றி, நுனியை இழுத்து விடவேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. என் கை இடக்கை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலால் அடித்தும் மாறாத கை. எல்லோரும் கூம்பைச் சுற்றும்போது மக்ரூனின் சுழி இடப்பக்கமாகப் போகும். என்னுடையது மட்டும் வலப்பக்கமாகப் போகும். சங்கு குளிக்கிற ஊரில் இது கண்ணில் படாமல் இருக்குமா? இங்கே கடலில் எடுக்கிற சங்கு அத்தனையும் இடம்புரி. லட்சத்தில் ஒன்று வலம்புரி வந்தால் கும்பிட்டு வாங்கிப் பூஜையறையில் வைப்பார்கள். என் வீட்டுக்காரர் முதல் தட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எடம்புரி போடுதோம். நீ வலம்புரில்லா போடுத!" என்று சொல்லிச் சிரித்தார். அது வீட்டுக் கேலியாகவே இருந்தது. கடைக்கு அடிக்கடி வருகிறவர்களும், "வலம்புரித் தட்டுல இருந்து குடுங்க" என்று கேட்பார்கள். மூத்தவர் மட்டும் கேட்காத மாதிரி பில் போடுவார்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது நெஞ்சு வலியில். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்கு மட்டும் உரியது.

காரியம் முடிந்த மறுநாள் நான் கடைக்குப் போனேன். வேறு எங்கே போவது? அழுவதற்கும் எனக்கு அந்த அடுப்படிதான் தெரியும். கூம்பை எடுத்து ஒரு தட்டு பிழிய ஆரம்பித்தேன். மூத்தவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கல்யாண ஆர்டர் பூரா நம்ம கடையில இருந்துதான் போவுது. அறுதலி கை பட்டதுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? அதுவும் எடக்கை வேற. நீ வீட்டுல இரு. அரிசி பருப்பெல்லாம் வந்து சேரும்."

அறுதலி என்றால் தாலி அறுத்தவள். எங்கள் பக்கத்தில் சண்டையில்கூட யோசித்துத்தான் அந்த வார்த்தையை எடுப்பார்கள். அவர் சாதாரணமாகச் சொன்னார், சீனி விலை சொல்கிற மாதிரி. பின்னாலேயே அவர் மனைவி, என் ஓரகத்தி, வந்தாள். என் இடக்கையில் இருந்த கூம்பை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினாள். அதனால்தான் இன்னும் வலித்தது. பிடுங்கியிருந்தால் நானும் இழுத்திருப்பேன். பாதி பிழிந்த தட்டு அப்படியே கிடந்தது. அவர்கள் மகள், அப்போது சின்னப் பிள்ளை, "சித்தி எங்க போறா?" என்று கேட்டது.

அன்றைக்கு வெளியே வரும்போதே முடிவு செய்தேன். என்றாவது ஒரு நாள் இந்த ஆள் என் கையால் செய்ததை, என் கையில் இருந்தே வாங்கித் தின்னவேண்டும். அதுவும் கல்யாணத்துக்குச் செய்ததாக இருக்கவேண்டும். செய்தது யார் என்று நாலு பேர் நடுவில் அவர் வாயாலேயே சொல்லவேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். அவர் நன்றாக இருக்கட்டும், நூறு வயது இருக்கட்டும். இதற்காகவாவது இருக்கட்டும்.

அம்மா வீட்டுப் பக்கம் ஒரு சந்தில் இடம் பிடித்தேன். கம்மலும் வளையலும் அடுப்பாக மாறின. ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குத் தின்ன வாங்கினவர்கள்தான். கல்யாணத்துக்கு என்றால் தயங்கினார்கள். எங்கள் மாதா கோயில்காரர்கள்கூடத்தான். பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு வாங்குவார்கள், பிறந்தநாளுக்கு வாங்குவார்கள். கல்யாண மந்திரிப்பு நடக்கிற வீட்டுக்கு என்றால், "வேற இடத்துல சொல்லிட்டோம்க்கா" என்பார்கள். வேறு இடம் என்றால் எது என்று எனக்குத் தெரியாதா?

முதலில் மாறினவர் காயல் லாத்தாதான். மஞ்சள் கரு வாளியோடு ஒரு நாள் என் சந்தில் வந்து இறங்கினார். "ஏ புள்ள, ஒரு பொட்டு வெள்ள இல்லாம மஞ்சள பிரிக்கிறவ நீதான். நீ எங்க இருக்கியோ அங்கதான் நான் எடுப்பேன்" என்றார். தன் தம்பி மகன் நிக்காஹ்வுக்கு மக்ரூனும் என்னிடமே சொன்னார். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "லாத்தா, நான் அறுதலில்லா?" என்று. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. என்மேல் இல்லை.

அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பேரில் வீட்டைக் கட்டி, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். லாத்தாவின் வீட்டுக்காரர், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், சங்கு வியாபாரி. அவரும் அப்படி வந்தவர்தான். புருஷன் போனால் பெண்ணை வெளியே அனுப்ப அங்கே யாராலும் முடியாது. அனுப்புவதற்கு வாசல் அவளுடையது. அந்த வீட்டு அடுப்படியில் முதல்முறை உட்கார்ந்து டீ குடித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை என்றே சொல்கிறேன். வேறு நல்ல வார்த்தை தேடவில்லை.

இதற்கிடையில் மூத்தவர் பெரிய ஆளாகிவிட்டார். மெயின் ரோட்டில் ஏசி போட்ட கடை. யூடியூப் பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், "இது எங்க பரம்பரைத் தொழில். கைராசிதான் எங்க ரகசியம்" என்பார். கைராசி! வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கூம்பைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு வீடியோவில் நின்றார். அந்த வீடியோவை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். உடம்பு குளிர எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில்கூடப் பார்ப்பேன். கோபம் ஆறாமல் இருக்க அது நல்ல விறகு.

அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை துபாயில் வேலை. அவர்கள் குடும்பத்துக்குச் சாத்தான்குளத்தில் மொத்தக் கடை. எனக்குப் பத்திரிகை வந்தது. வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்கு வந்து அழைக்கவில்லை. கடைப்பையன் ஒருத்தன் பைக்கை ஆஃப் பண்ணாமலே நீட்டிவிட்டுப் போனான். வா என்று சொன்னதும் ஆச்சு, வராதே என்று சொன்னதும் ஆச்சு. பத்திரிகையை அடுப்புக்கு மேலே சொருகி வைத்தேன்.

அப்புறம் நடந்ததை லாத்தா போனில் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கல்யாண மக்ரூனை மங்கலமாகத் தொடங்கவேண்டும் என்று மூத்தவருக்கு ஒரு யோசனை. கடை மாஸ்டர் மிஷினில் அடித்துவிட்டுப் போனால் போதாதாம். பெண்ணுக்கு நலங்கு வைத்த சுமங்கலிகள் எல்லாரும் வந்து, வெள்ளைக்கரு அண்டாவில் ஆளுக்கு ஒரு தடவை கையை விட்டுக் கலக்கித் தொடங்கிவைக்க வேண்டுமாம். நலங்கு என்றால் என்ன? நல்லெண்ணெயும் மஞ்சளும். கையைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வந்தார்களாம். எண்ணெய் தண்ணீருக்குப் போகுமா? அண்டாவும் கல்யாண வீட்டுப் பித்தளை அண்டா, முதல் நாள் அதிரசம் எடுத்து வைத்தது. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து மனுஷனுக்குத் தொழில் மறந்துபோயிருந்தது. மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் முதலாளி வீட்டுப் பொம்பளைகளைப் பார்த்து, கையை எடுங்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்?

நுரை எழும்பவே இல்லை. அடிக்க அடிக்க மோர் மாதிரி சலசலவென்று கிடந்ததாம். அதைக் கொட்டிவிட்டு மறுபடி முட்டை உடைத்தார்கள். அதே அண்டா, அதே சுமங்கலிகள். மறுபடியும் மோர். ஒரு கிழவி, "ரெண்டு தடவ பொங்காம போச்சே, இது சகுனம்" என்று வாயை விட்டுவிட்டாள். அவ்வளவுதான். மூன்றாவது தடவை முட்டை உடைக்கவோ, கடை அலமாரியில் இருந்ததை எடுத்து வைக்கவோ வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஊருக்கெல்லாம் சகுனம் பார்த்துச் சொன்னவரை இப்போது சகுனம் வந்து பார்த்தது. தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்.

வேறு கடையில் வாங்கினால் அந்தக் கடைக்காரனே ஊர் முழுக்கச் சொல்வான். அதனால் மூத்தவர் பழைய பழக்கத்தை நம்பி, காக்காவைத் தேடிக் காயலுக்குப் போயிருக்கிறார். காக்கா சங்கு விஷயமாகக் கொல்கத்தா போயிருந்த நேரம். வளையல் அறுக்க நம் சங்கெல்லாம் அங்கேதான் போகும். லாத்தாவிடம்தான் கேட்டிருக்கிறார், "உங்க வீட்டு விசேஷத்துக்குன்னு சொல்லி எங்கயாவது வாங்கிக் குடுங்க" என்று. லாத்தா எனக்குப் போன் போட்டார்.

"உனக்காகத்தான் ஒண்ணும் சொல்லாம வச்சிருக்கேன். வேண்டாம்னா சொல்லு, அவரப் போகச் சொல்லிர்றேன்."

வேண்டாம் என்றுதான் முதலில் நாக்கில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டைப் பார்த்து, மக்ரூன் எங்கே என்று கேட்கிற காட்சி கண்முன்னால் இனித்தது. அந்தப் பெண்ணை நினைத்தேன். என் மடியில் உட்கார்ந்து கூம்பு நுனியை நக்கின பிள்ளை. அவளுக்காக இரங்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அது மட்டும் இல்லை. மறுத்தால் அவர் சொன்னதுதான் ஜெயிக்கும். என் கை கல்யாணத்துக்கு ஆகாத கையாகவே நின்றுவிடும். அதுதான் யோசிக்க வைத்தது.

"செய்யறேன் லாத்தா. ஆனா யாருக்குன்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க. அவரே வந்து வாங்கணும். என் கையில இருந்து ஒண்ண வாங்கி எனக்கு முன்னால தின்னணும். அதுக்கப்புறம்தான் மத்ததுல கை வைக்கலாம்."

லாத்தா, "அல்லாவே, உனக்கு எம்புட்டு வருத்தம் புள்ள" என்றார். வருத்தம் இல்லை லாத்தா, ஆசை என்றேன்.

செய்தேன். என் ஆயுசில் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. கொண்டல் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற பருவம். மக்ரூன் நமுத்துப்போகும் என்று அடுப்புக்குள்ளேயே கூடுதலாக விட்டுக் காயவைத்தேன். பருப்பைக் கையாலேயே பொறுக்கினேன். தட்டு தட்டாகச் சுற்றினேன், இடக்கையால், வலப்பக்கமாக. திருப்பிச் சுற்ற எனக்குத் தெரியும். மனசு வைத்தால் இடம்புரியும் வரும். வைக்கவில்லை. இதைத் தெரிந்தேதான் செய்தேன். தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்கு நல்ல பேர் வாங்கித் தர வேண்டாம்.

மத்தியான நேரம், சந்தில் ஆள் நடமாட்டம் இல்லாத வேளை பார்த்து அவர் வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மீன் தண்ணீர் படாமல் தாண்டித் தாண்டி. கடைக்குள் வந்து என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கியாம்மா?"

ஒரு மக்ரூனை எடுத்து நீட்டினேன். இடக்கையால். எங்கள் பக்கத்தில் பிச்சைக்காரனுக்குக்கூட இடக்கையால் கொடுக்கமாட்டோம். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு இந்தக் கைதான் அத்தான். ஒங்களுக்குத் தெரியும்லா?"

வாங்கினார். வாயில் போட்டார். மக்ரூன் வாயில் போட்டதும் கரைந்துவிடும், மெல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் ரொம்ப நேரம் மென்றார். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. அடுப்படி வாசலில் நின்ற அந்த ஆளும் இந்த ஆளும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுதான்.

"நல்லா இருக்கு. கல்யாண வீட்டுல மட்டும் யார்ட்டயும் சொல்லிராத தாயி."

தாயி! அன்றைக்கு அறுதலி, இன்றைக்கு தாயி. "நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன். வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றவும் செய்தேன். பெயர் போடாத வெள்ளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி ஏற்றிவிட்டேன். ஒரு பெட்டியைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. மக்ரூன் எந்தப் பக்கம் சுழிகிறது என்று அவர் எந்தக் காலத்தில் பார்த்தார்?

கல்யாணத்துக்குப் போனேன். நல்ல பட்டு கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் என்னைப் போன்றவர்கள் தூணுக்குப் பின்னால் உட்காருவது வழக்கம். நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். ஒதுக்கட்டும். தாலி கட்டி முடித்து, தட்டில் மக்ரூன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "யாத்தே, என்னமா கரையுது! யாரு போட்டது?" என்று கேட்டார்.

மூத்தவர் பக்கத்தில்தான் நின்றார். பேசாமல் சிரித்துவிட்டு நகர்ந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பார். ஆனால் பெருமை விடுமா?

"நம்ம கடைச் சரக்குதான் மயினி. சுமங்கலிக கை வச்சுத் தொடங்கினது. கைராசி!"

அந்த நேரத்தில்தான் காக்கா ஒன்றை எடுத்தார். கொல்கத்தாவில் இருந்து நேராக வந்திருந்தார், லாத்தா அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், சத்தியமாகச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சங்கு வியாபாரியின் விரல் சும்மா இருக்குமா? எதைக் கையில் எடுத்தாலும் சுழி எந்தப் பக்கம் என்று உருட்டிப் பார்ப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. உருட்டினார். இன்னொன்றை எடுத்து அதையும் உருட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, ஒங்க கடை சரக்கு எடம்புரில்லா? இது அத்தனையும் வலம்புரி! இப்படிச் சுத்துற கை இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். நம்ம தங்கச்சி கை!" என்று சொல்லி, நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

முன்வரிசை முழுக்கத் திரும்பியது. கையில் இருந்த மக்ரூனை ஒவ்வொருத்தராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"யாரு இது?" மாப்பிள்ளையின் அம்மா மூத்தவரைக் கேட்டார்.

அவர் வேர்வையைத் துடைத்தார். "என் தம்பி பொஞ்சாதி."

"தம்பி தவறிட்டாருன்னுல்லா சொன்னீய?"

"ஆமா."

"அப்ப இத இவங்களா செஞ்சாங்க?"

மேளம்கூட நின்றிருந்தது. நாலு பேர் நடுவில், அவர் மகள் கல்யாணத்தில், அவர் வாயில் இருந்து வந்தது. "ஆமா. அவ செஞ்சதுதான்."

மாப்பிள்ளையின் அம்மா கையில் பாதி கடித்த மக்ரூன் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தேன். அதைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டால் என் ஆயுசுக்கும் முடிந்தது. ஊரில் எந்தக் கல்யாண வீடும் என் சந்துக்கு வராது. பழிவாங்க வந்த இடத்தில் என் கழுத்தை நானே நீட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார். விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மறுவீட்டுக்கும் வேணும். இன்னும் போட்டுத் தருவியாம்மா?" என்றார். என் பக்கத்தில் சேலையை ஒதுக்கின அம்மாள், தட்டைத் தன் பக்கம் இழுத்து இரண்டு எடுத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்து கை கழுவப் போனேன். குழாயடியில் என் ஓரகத்தி வந்து பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு என் கையில் இருந்து கூம்பை வாங்கினவள். அவளுக்குப் பின்னால், தாம்பூலத் தட்டோடு அவர். நகரவும் வழியில்லை, குறுகலான இடம். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவர் காதில் விழவேண்டும் என்றேதான் பேசினாள்.

"ஏளா, ஒங்க அத்தானுக்குச் சுகர், பிரசர் எல்லாம் இருக்கு. நாளைக்கு அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அவரு போட்ட சட்டப்படி எனக்கும் அந்தக் கடையில எடம் இருக்காது. அப்ப நான் ஒன் கடைக்கு வேலைக்கு வரலாமா?"

நான் அவளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் யோசித்து யோசித்து வைத்திருந்த எந்த வார்த்தையும் இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது. அவர் முகத்தில் அது இறங்குவதை நிதானமாகப் பார்த்தேன். அன்று காலையில் மறுபடி வைத்த நலங்கு எண்ணெய் இன்னும் போகாமல் அவள் கை குழாய்த் தண்ணீரில் பளபளத்தது.

"வாங்க அக்கா," என்றேன். "எண்ணெய்க் கைய மட்டும் நல்லா சீயக்காய் போட்டுக் கழுவிட்டு வாங்க."